டைரியில் இல்லாத மத்தியானம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் தங்கை மகள் தஞ்சாவூரில் ஒரு காபிக் கடையின் மாடிக்கு என்னைக் கூட்டிப்போனாள். காபி குடிக்க அல்ல, கதை கேட்க. அங்கே மாதம் ஒருமுறை இளவட்டங்கள் கூடி, மைக்கைப் பிடித்து, அவரவர் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறார்களாம். கதை உண்மையாக இருக்கவேண்டும், சொல்கிறவருக்கே நடந்திருக்கவேண்டும், கையில் தாள் இருக்கக்கூடாது. "பெரியம்மா, நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள். மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். என் சுபாவம் அப்படி.

மைக்கின் பஞ்சு உறை மூக்குக்கு நேராக வந்தது. பல பேருடைய எச்சில் காய்ந்த வாடை, கொஞ்சம் தூசி, கொஞ்சம் வெற்றிலை. காபிக் கடை மைக்கில் வெற்றிலை வாடை எப்படி வரும் என்று கேட்காதீர்கள், எனக்கு வந்தது. வேளாண்மைத் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் கூட்டம் போட்டவளுக்கு மைக் என்றாலே அந்த வாடைதான். சொல்ல வந்தது மறந்துபோய், அங்கே ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். சொல்லவேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் துறையில் இதற்கு ‘அனுபவப் பகிர்வு’ என்று பெயர். விவசாயிகளைச் சாமியானாவுக்குள் உட்காரவைத்து, அதிகாரிகள் ஆளுக்கு அரை மணி நேரம் பேசித் தூங்கவைத்த பிறகு, முன்னோடி விவசாயி ஒருவர் மேடையேறித் தன் அனுபவத்தைச் சொல்வார். வட்டாரத்துக்கு ஒருவர் இதற்கென்றே இருப்பார். கரும்புக்கும் அவர்தான், காளானுக்கும் அவர்தான். "நான் முதலில் நம்பவில்லை. அதிகாரிகள் சொன்னார்கள், செய்தேன். இன்று நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்று முடிப்பார். பயிர் மாறினாலும் அந்தத் தூக்கத்தை மட்டும் மாற்றமாட்டார். ஒரத்தநாட்டுப் பக்கம் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த வருஷம், எங்கள் வட்டாரத்து முன்னோடி அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். அவருக்குப் பதில் ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. உதவி வேளாண்மை அலுவலர், சுருக்கமாக ஏஏஓ. தகுதிகாண் பருவம் முடிய இரண்டே மாதம் பாக்கி. அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். அப்பாவோ நான் சேர்ந்த அன்றைக்கே "எம் பொண்ணு கவர்மெண்ட் ஆபீசர்" என்று உறவு முழுக்கத் தண்டோரா போட்டு முடித்திருந்தார். நான் பெருமையாகக் காட்டிக்கொள்ள ஒரே ஒரு காரியம்தான் செய்திருந்தேன். அது தனபாக்கியம் அக்காவின் வயலில் ஒற்றை நாற்று நடவு.

தனபாக்கியம் அக்கா, நடவு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நடுகிறவர். அவருடைய அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டவர்தான். அக்கா காலத்தில்தான் குடும்பத்துக்கென்று இரண்டு ஏக்கர் வந்தது. அதில் கொஞ்சத்தைச் செயல்விளக்கத் திடலாக எனக்கு நம்பிக் கொடுத்தார். வழக்கமாக நாலைந்து நாற்றைக் கத்தையாகப் பிடித்து ஊன்றுவார்கள். நான் சொன்னது வேறு. பதினாலு நாள் நாற்றை, ஒன்றே ஒன்றாக, கயிறு பிடித்து முக்கால் அடி இடைவெளி விட்டு நடவேண்டும். நடவுப் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஒத்தையா நட்டா அதுக்குத் தொணைக்கு யாரு இருக்கா, ஆபீசரம்மா?" என்றாள் ஒருத்தி.

துணைக்கு நான் இருக்கிறேன் என்று காட்டத்தானே சம்பளம் தருகிறார்கள்? கஞ்சிப் பசை போட்ட மொடமொட காட்டன் புடவையில் வரப்பில் நின்று, ஒரு நாற்றைக் கையில் எடுத்து, "இப்படிப் பிடிக்கணும், வேர் மடங்கக் கூடாது" என்று பின்னால் ஓர் அடி வைத்தேன். பின்னால் வரப்பு இல்லை. மல்லாக்கச் சேற்றில் விழுந்தேன். நாற்று மட்டும் கையில் அப்படியே நிமிர்ந்து நின்றது.

தனபாக்கியம் அக்காவின் குரல்தான் முதலில் கேட்டது: "ஆபீசரம்மாவ நட்டாச்சு! அடுத்த ஆளக் கொண்டாங்கடி!" அவ்வளவுதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாற்றுக் கட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். தூக்கிவிட வந்தவள் சிரிப்பில் கை நழுவி மறுபடி என்னைக் கீழே விட்டாள். புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், திரும்பவில்லை. வாடகை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் முழுக்க அழுதேன். எத்தனை படித்து என்ன, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்களே என்று ரோஷம். இப்போது அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அழுது முடித்து முகம் கழுவி, அலுவலக டைரியை எடுத்து, ‘காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை திடலில் இருந்து நடவை மேற்பார்வையிட்டேன்’ என்று முத்து முத்தாக எழுதினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், நான் விழுந்த இடம் வரைக்கும் ஒற்றை நாற்று. அதற்கப்பால் பழையபடி கத்தை கத்தையாக நட்டிருந்தார்கள். நானும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் திடல் முழுக்க ஒற்றை நாற்று என்றே எழுதினேன். பயிர் வளர்ந்ததும் நல்ல பக்கத்தில் மட்டும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் இணை இயக்குநர் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு அக்காவை மேடையேற்ற வேண்டியதாயிற்று. நானே ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, இரண்டு நாள் உட்காரவைத்துப் பழக்கினேன். அக்கா ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தன்று காலை பார்த்தால் பாதி நாற்காலி காலி. காலி நாற்காலியை இணை இயக்குநர் பார்த்தால் போச்சு. ஓடிப்போய், பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களை, சாம்பார் சாதப் பொட்டலம் உண்டு என்று சொல்லி அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். யாரென்று நினைக்கிறீர்கள்? அன்றைக்கு அந்த வயலை நட்ட அதே பெண்கள். உலகத்தில் எந்தக் குற்றவாளியாவது சாட்சிகளைத் தானே போய் அழைத்துவந்து, சாப்பாடும் போட்டு உட்காரவைப்பானா?

அக்கா மைக்கைப் பிடித்தார். "அதிகாரிகளின் ஆலோசனைப்படி எனது வயல் முழுவதும் ஒற்றை நாற்று..." முன்வரிசையில் ஒரு கிளுக். அடுத்து இன்னொன்று. அக்கா நிறுத்தினார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"இந்தாங்கடி, சிரிக்காதீங்க" என்றார் மைக்கிலேயே. பிறகு மேடைப் பக்கம் திரும்பி, "ஐயா, எதிர்ல உக்காந்திருக்குறது அந்த வயல நட்டவளுவ. இவளுவ முன்னாடி பொய் சொன்னா நாளைக்கு என்னைய எவ மதிப்பா? நடந்ததையே சொல்லிப்புடுறேன்" என்றார்.

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். நான் விழுந்ததைக் கையைக் காலை விரித்து நடித்தே காட்டினார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கெட்டிலை வைத்துவிட்டு வந்து நின்றார். "ஆபீசரம்மா அப்பறம் வரவே இல்ல. சரின்னு மிச்சத்த எங்க வழக்கப்படி நட்டுட்டோம். ஒத்த நாத்துப் பக்கம் பதினஞ்சு நாள் வரைக்கும் வயலே வெறிச்சோன்னு கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு எங்கிட்டப் பேசவே இல்ல. அதுக்கப்பறம் வெடிச்சுது பாருங்க தூரு, அடியிலேர்ந்து கெளை கெளையா! ஒரு குத்துக்கு முப்பது, முப்பத்தஞ்சு. கத்தையா நட்ட பக்கம் பன்னண்டத் தாண்டல. ஒரே வயலு, ஒரே தண்ணி, ஒரே எரு. எங் கண்ணால பாத்தேன்."

ஜனங்கள் கைதட்டினார்கள். இணை இயக்குநர் தட்டவில்லை. "அந்த ஏஏஓ யாரு?" என்றார். எழுந்தேன். முன்னால் இருந்த கோப்பைப் புரட்டினார். "நீங்க வந்து சொல்லுங்க. நாள் முழுக்க இருந்ததா டைரியில இருக்கே?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்பாவின் முகம் வந்து போனது. ஒரு பொய் சொல்லிச் சமாளிக்கலாம்தான், நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முன்வரிசையிலிருந்து அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கின் பக்கத்தில் போய், "விழுந்தது நிஜம். திரும்பி வராதது சிரிச்சாங்கன்னு. ரூம்ல உக்காந்து அழுதேன். டைரியில எழுதினது பொய்" என்றேன். அக்காவுக்குக் கிடைத்த கைதட்டல் எனக்குக் கிடைக்கவில்லை. தனபாக்கியம் அக்கா மட்டும், "அழுதீங்களா? அட, சொல்லியிருந்தா சிரிப்ப அடக்கிட்டு இருந்திருப்போமே" என்றார். அது பச்சைப் பொய். அவர்களால் முடிந்திருக்காது.

மெமோ வந்தது. தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். ஆனால் கூட்டம் முடிந்து பொட்டலம் வாங்கக்கூடப் போகாமல் பத்துப் பதினைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, கயிற்றில் எத்தனை அடிக்கு ஒரு முடிச்சு, நாற்றுக்கு எத்தனை நாள் என்று துளைத்தெடுத்தார்கள். அடுத்த சம்பாவில் அந்தப் பெண்களேதான் அப்படிக் கேட்டவர்களின் வயல்களிலும் ஒற்றை நாற்று நட்டார்கள். "பாத்து நில்லுங்க, பின்னாடி வரப்பு இல்ல" என்று தினமும் நினைவூட்டினார்கள். ஆறு மாதம் கழித்து அதே இணை இயக்குநர் கையெழுத்துப் போட்டு வேலையை நிரந்தரமாக்கினார்.

போன குறுவையில் அக்காவின் அந்த வயலுக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். நடவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓட்டுகிற ஒரு பையன், நாற்றுத் தட்டு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள், அவ்வளவுதான். வரப்பு முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது. வழுக்கிவிட்டது. முழங்கால் வரைக்கும் இல்லை, இடுப்பு வரைக்கும் சேறு. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். இயந்திரம் அதன் பாட்டுக்கு அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

வரப்பில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். முட்டிவலி, இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.

"அக்கா, நம்ம வயல்ல இன்னைக்கு மறுபடியும் விழுந்துட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்து, இருமலாகி, அடங்கியது. "யாரு யாரு பாத்தா?"

"யாருமே பாக்கலக்கா."

அக்கா கேட்டார்: "அப்ப எதுக்கு விழுந்தீங்க?"