விருந்தாளி வைஃபையில் இடமில்லை

எங்கள் அலுவலகத்தில் விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை வந்ததற்குக் காரணம் ஒரு வள்ளி கும்மி ஆட்டம்.

பத்திரிகை ஒன்றில் செய்தி திருத்திக்கொண்டிருந்த நான், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கடிதங்கள் எழுதும் வேலைக்கு வந்திருந்தேன். அன்று கூட்ட அறையில் பெங்களூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் தைக்கும் குழந்தைகள் உடுப்பை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆள். சுவரில் இருந்த டிவியில் அடுத்த பருவத்துக்கான நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தோம். வெளிர்பச்சை முடிந்து இளநீலம் வரவேண்டிய இடத்தில் ஒரு கோயில் மைதானம் வந்தது. ஒரே நிறச் சேலை கட்டிய பெண்கள் கை தட்டிக் குதித்து ஆடினார்கள்.

வரவேற்பறையில் காத்திருந்த நூல் ஏஜெண்ட், தன் மனைவி ஆடிய வீடியோவைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டும்போது போனில் எதையோ தொட்டுவிட்டார். அவர் போனும் எங்கள் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தன. அதிகாரி ஒரு பாட்டு முடியும்வரை மரியாதையாகப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: இன்று அவர் வீட்டு ஆட்டம் நம்மிடம் வந்துவிட்டது, நாளை நம் டிசைன் அவரிடம் போகலாம். அடுத்த முறை வரும்போது வெளியாட்களுக்குத் தனி வைஃபை இருக்க வேண்டும். குளிர்கால ஆர்டரைப் பற்றி அதன் பிறகுதான் பேச்சு.

அந்த ஆர்டர் வந்தால்தான் எங்கள் இரண்டாவது தையல் லைன் ஓடும். அந்த லைனின் மெஷின்கள் ஏற்கெனவே துணி போர்த்திக்கொண்டு நின்றன.

வேலம்பாளையத்திலிருந்து ஒரு டெக்னீசியன் வந்தார். கணக்குப் பிரிவு பீரோவின் மேல், எல்லா கம்ப்யூட்டர் வயர்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி பஞ்சு படிந்து முயல்போல் உட்கார்ந்திருந்தது. அவர் அதை ஊதினார். தும்மினார். பிறகு விளக்கினார்.

"பொட்டி ஒண்ணேதானுங்ணா. உள்ள ஒரு சொவரு எழுப்பீட்டா ரெண்டு ஊடு. ஆபீஸுக்கு ஒண்ணு, விருந்தாளிக்கு ஒண்ணு. இந்த ஊட்டுல இருக்கறவங்க அந்த ஊட்ட எட்டிப் பாக்க முடியாதுங்க."

முதலாளிக்குப் பிடித்திருந்தது. டெக்னீசியனின் அடுத்த வாக்கியம்தான் பிடிக்கவில்லை.

"கெஸ்டுக்கு வேகத்தக் கொஞ்சமா வெச்சர்லாங்ணா. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தானுங்க."

"ஏங்கண்ணு, வந்தவங்களுக்கு ரசம், நமக்குக் கறிக்கொழம்பா? மாத்திப் போடு."

"ஆபீஸ் மெதுவாயிருமுங்ணா."

"நாம ஊட்டாளுங்க, சமாளிச்சுக்குவோம்."

"ஒரே நேரத்துல அம்பது பேருக்கு மேல ஏற முடியாதுன்னு வெக்கட்டுங்களா?"

"அம்பது விருந்தாளி வர்றதுக்கு நான் என்ன மண்டபமா நடத்தறேன்? தாராளமா வெய்யி."

வந்தவரைக் காத்திருக்க வைத்து பாஸ்வேர்டு கேட்க வைப்பதும் முதலாளிக்கு ஒப்பவில்லை. வரவேற்பறைத் தண்ணீர் கேனுக்கு மேல் பெரிய எழுத்தில் அதை ஒட்டச் சொன்னார். பாஸ்வேர்டு, 'வாங்க வாங்க' என்பதன் ஆங்கில எழுத்துகள்.

முதலில் விருந்தாளி வைஃபைக்குப் போனவர் கணக்குப் பிரிவு அம்மா. தூத்துக்குடிக்காரர்.

"அண்ணே, நீங்க இன்னும் ஆபீஸ் லைன்லயா கெடக்கிய? இங்க வாங்கண்ணே, பறக்கு!"

நான் போனேன். உண்மையாகவே பறந்தது. என் பின்னால் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் வந்தார்கள், கட்டிங் பிரிவு வந்தது, தண்ணீர் குடிக்க வந்த தையல் லைன் முழுவதும் வந்தது. ஒரே சிக்கல், விருந்தாளி வைஃபையிலிருந்து பிரிண்டரைத் தொட முடியாது. ஏதாவது அச்செடுக்க வேண்டுமென்றால் ஆபீஸ் வைஃபைக்குப் போவோம், அச்செடுத்ததும் ஓடி வந்துவிடுவோம். கொஞ்ச நாளில் ஆபீஸ் வைஃபையில் பிரிண்டரைத் தவிர யாரும் இல்லை.

அதிகாரி மறுபடி வந்தார். குளிர்கால ஆர்டரை முடிவு செய்யும் அவருடைய மேலதிகாரி வீடியோவில் வந்து எங்கள் தையல் கூடத்தைப் பார்க்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே போன் சிக்னல் கிடையாது. முதலாளி அவரைத் தண்ணீர் கேன்வரை அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். அதிகாரி பாஸ்வேர்டைப் போட்டார். லேப்டாப் சுற்றியது. சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்றது. மறுபடி போட்டார். மறுபடி அதையே சொன்னது.

டெக்னீசியனை மேசை போனில் பிடித்தோம்.

"அம்பது பேரும் ஏறிட்டாங்களாட்ட இருக்குதுங்ணா. நான் உடுமலையில, கரண்டு எடுக்கற காத்தாடி ஆபீஸ்ல இருக்கேன். மாத்தறதுக்கு என்ற லேப்டாப்பு வேணும், அது ஊட்டுல கெடக்குது. பொட்டிய ஆப் பண்ணிப் போட்டீங்கன்னா அதே அம்பது பேரும் ஓடியாந்து ஏறிக்குவாங்க."

ஆபீஸ் வைஃபை காலியாகத்தான் இருக்கிறது, அதில் வாருங்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன். எதைக் கூடாது என்று சொன்னேனோ அதையே செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்டார். லேப்டாப்பை மூடப்போனார்.

"இருங்க, இருங்க. நான் எந்திரிக்கறேன்," என்று முதலாளி தன் போனில் வைஃபையை அணைத்தார். அவரும் அங்கேதான் இருந்திருக்கிறார். ஒரு இடம் காலியானது. அதிகாரி பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் அதை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பதில்லையா, அதேதான்.

முதலாளி உற்பத்தி எண்ணிக்கையை அறிவிக்கிற மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க. விருந்தாளி எல நெறஞ்சு போச்சு. வந்தவரு பசியோட நிக்கறாரு. ஊட்டாளுங்க அத்தன பேரும் எந்திரிங்க. போன்ல வைஃபைய நிறுத்தீட்டு மெஷின் மேல வெய்யுங்க."

லைன் சூப்பர்வைசர் அதையே இந்தியில் சொன்னார். மெஷின்கள் நின்றன. போன்கள் வரிசையாகத் தையல் மேசைமேல் வந்து படுத்தன. பழக்கதோஷத்தில் சிலர் உண்மையாகவே எழுந்து நிற்க, அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். கணக்குப் பிரிவு அம்மா மட்டும் நாடகத்தின் கடைசிக் காட்சி என்று கெஞ்சினார்.

"மொதல்ல பந்தி, அப்பறம் நாடகம்," என்றார் முதலாளி.

லேப்டாப் இணைந்தது. அதிகாரி அதைத் தையல் கூடத்துக்குத் தூக்கிப்போனார். திரையில் மேலதிகாரி வந்தபோது, கூடமே எழுந்து நின்றுகொண்டிருந்தது. தன்னை வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து அவரும் எழுந்து கை கூப்பினார். யாரும் அதை மறுக்கவில்லை. அவர் துணி போர்த்திய மெஷின்களைக் காட்டி அவை எப்போது ஓடும் என்று கேட்டார்.

"நீங்க சொன்னா நாளைக்கே," என்றார் முதலாளி. அதிகாரி அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார். மேலதிகாரி சிரித்துவிட்டு, சொல்லிவிட்டேன் என்றார்.

முதலாளி மறுபடி மைக்கை எடுத்தார்.

"ரெண்டாவது லைனுக்கு ஆர்டர் வந்தாச்சுங்க. விருந்தாளி கை கழுவிட்டாரு. இனி நாம உக்காரலாம்."

நான் செய்தியைக் குறித்துக்கொண்டு போனை எடுப்பதற்குள் அந்த ஐம்பது இடமும் நிறைந்துவிட்டது. அன்று மாலைவரை ஆபீஸ் வைஃபையில் நானும் பிரிண்டரும் மட்டும் இருந்தோம்.