கொம்பு இடம் மாறிய கடிதம்

கண்டி மஹய்யாவப் பகுதி இராசமணிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எல்லோருக்கும் தெரியும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கதவை உடைத்து அப்பாவின் சைக்கிளைத் தூக்கிப் போனவர்கள் பின்னால் ஓடிக் கல்லெறிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அந்த ஆத்திரம் அடங்கவேயில்லை. அதை வைத்துக்கொண்டே டைப்பிங் படித்தாள், கம்பியூட்டர் படித்தாள், கண்டியில் றவூப் நானா நடத்தும் கம்பியூட்டர் வகுப்பில் டீச்சரானாள்.

றவூப் நல்ல மனிதர்தான். கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கம்பியூட்டர்களைச் சேர்த்துப் பதினைந்து தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கிழட்டு மெஷின்கள் தாங்கக்கூடிய லினக்ஸ் ஒன்றை இருவரும் ஒரே சீடிக்குள் அடக்கிக்கொண்டிருந்தார்கள். படம் பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று என்று எல்லாம் சுமுகமாக முடிந்தது. எழுதும் மென்பொருளில்தான் வினை வந்தது.

இரண்டு இருந்தன. பாரமானது திறக்க இரண்டு நிமிஷமாகும். லேசானது நாலு செக்கனில் திறக்கும், ஆனால் ‘செ’ என்று அடித்தால் கொம்பு முன்னால் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். சிங்களத்துக்கும் அதே கதி. பைலைத் தட்டினால் தானாகத் திறப்பது லேசானதாகவே இருக்கட்டும், வேண்டியவர்கள் மெனுவில் மற்றதை எடுத்துக்கொள்வார்கள் என்றார் றவூப்.

வேண்டியவர்களாம்! மவுஸையே இனிமேல்தான் தொடப்போகும் பிள்ளைகள் மெனுவுக்குள் போய்த் தேடுவார்களாம். இராசமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கொம்பு கொஞ்சம் தள்ளி நின்டா என்ன தங்கச்சி? புள்ளைகள் வாசிச்சிக்கொள்ளும்தானே. ரெண்டு நிமிஷம் ஆரு பாத்துக்கொண்டு ஈக்கிற?”

நாலு மாதமாக அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. அவளுடைய கணவர் செல்லச்சாமிக்குக் கடுகண்ணாவையில் டயர் கடையில் வேலை. யுத்தம் முற்றி வழியெல்லாம் சோதனை கூடியபோது, இவர் என்னிடம் வேலை செய்பவர் என்று முதலாளி சிங்களத்தில் கடிதம் எழுதி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். வகுப்பு மெஷினில் அதைத் திறந்து அச்சடித்தது இராசமணி. சிங்களத்தில் பேசிப் பொரிந்து தள்ளுவாள், வாசிக்கத்தான் தெரியாது. கடிதத்தில் இருந்த பெயர் அடையாள அட்டையில் இல்லை என்று பஸ்ஸிலிருந்து செல்லச்சாமியை ஆமிக்காரர்கள் இறக்கிக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து முதலாளி போய்க் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு செல்லச்சாமிக்கு இடது காது கேட்பதில்லை. நான் சரியாகத்தானே எழுதினேன் என்று முதலாளி தன் கம்பியூட்டரில் திறந்து காட்டியபோதுதான், தான் அச்சடித்ததில் கொம்பு இடம் மாறிப் பெயர் கெட்டுப்போன விஷயமே அவளுக்கு விளங்கியது. அச்சடித்தது தன் கை என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த பென் டிரைவை எடுத்துச் செருகிக் கடிதத்தைத் தட்டினாள். லேசானது நாலு செக்கனில் திறந்தது.

“உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்ல. இதுல யாரு பேரு இருக்கு நானா?”

றவூப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெயரில் தடுக்கி நின்றார். “என்ன பேரு இது?”

“அதத்தான் அந்த ஆமிக்காரனும் கேட்டான்.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அன்றைக்கு வகுப்பு மெஷினில் லேசானதை வைத்தது நீங்கள்தான் என்பதையும் விடவில்லை. றவூப் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

பாரமானதே தானாகத் திறக்கும்படி மாற்றிவிட்டு, இராசமணி மறுபடியும் கடிதத்தைத் தட்டினாள். அந்த இரண்டு நிமிஷமும் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கடிதம் வந்தது. கொம்பு அதன் இடத்தில் நின்றது.

“செல்லச்சாமி,” என்று றவூப் மெதுவாக வாசித்தார்.

“இப்ப சரியா கூப்பிடுறீங்க,” என்றாள் இராசமணி. “இடது பக்கமா நின்னு கூப்பிட்டுறாதீங்க, அவருக்குக் கேக்காது.”