தலைகீழாக இருந்த கல்

தங்கச் சுரங்கத்தில் என் தங்கைக்கு வைத்த பட்டப்பெயர் ‘மடிப்பு’. வீட்டில் போர்வையை மடிக்கச் சொன்னால் அதைத் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் நெருக்கி, பழைய பாறைகள் இப்படித்தான் மடிந்தன என்று காட்டுவாள். “மொதல்ல போர்வைய மடி, பாறை தானா மடிஞ்சுக்கும்” என்பார் அம்மா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துளையிட்டு எடுத்த உருளைக் கற்களை கொட்டகையில் ஆழ வரிசைப்படி பெட்டிகளில் அடுக்குவது என் வேலை. ஈரத் துணியால் துடைத்ததும் கல்லிலிருந்து எழும் வாசனை இன்றும் மூக்கில் நிற்கிறது. அவள் நிலவியல் படித்துவிட்டு, ஒரு வருடத் தற்காலிக வேலையில் அங்கேயே சேர்ந்தாள்.

பாறை மடிவதற்கு முன்பே தங்கம் வந்துவிட்டது என்பது மேலாளரின் கட்சி. இவள் இல்லை என்றாள். ஆறாவது துளையின் ஒரு கல்லில், நரம்பு என்று நாங்கள் சொல்லும், தங்கமுள்ள வெள்ளைக் கோடு மடிப்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அதிலிருந்து அனுப்பிய துகள்களும் மடிப்பைவிடப் பல கோடி வருடம் இளையவை என்று ஆய்வகம் எழுதியது. மேலாளர் ஒப்புக்கொண்டார். நரம்பு சாயும் திசையை அவள் அளந்து சொன்னபடி, துளையிடும் இயந்திரத்தைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். நரம்பு அகப்பட்டால் அவள் வேலை நிரந்தரம்.

துளையிட இருந்த அன்று காலை, பெட்டியைத் துடைக்கும்போது அந்தக் கல்லின் உடைந்த முனை பக்கத்துக் கல்லோடு சேரவில்லை. திருப்பி வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மேலாளருக்குக் காட்டிவிட்டு வந்த சந்தோஷத்தில் தலைகீழாக வைத்து, அப்படியே சாய்வை அளந்திருக்கிறாள்.

கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான்தான் மாற்றி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வேணாம்ணா. நீ அடுக்கினதுல ஒரு கல்லு மாறினதா யாரு நம்புவா?” என்றாள். பிறகு மெதுவாக, “வயசு மாறல. சாய்வுதான் மாறுது. நான் போய்ச் சொல்லிடுறேன்.”

அளவுத்தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். அவர் திட்டவே இல்லையாம். இயந்திரத்தை மேற்கே நகர்த்த நான்கு நாள் ஆயிற்று. பத்தாம் நாள் நரம்பு அகப்பட்டது, சுண்டுவிரல் பருமன்தான். நிரந்தர உத்தரவு ஆறு மாதம் தள்ளித்தான் வந்தது.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. அவள் கடல் தாண்டி, பெரிய பதவியில் இருக்கிறாள். பத்திரிகையில் வந்த அவள் படத்தைவிட, நிமிர்ந்த தலையோடு அவள் அந்த அறைக்குள் நுழைந்த காலைதான் எனக்குப் பெரிது.