ஒட்டாவா குளிரில் ஒரு பருத்திப் பனியன்

இந்த ஊரில் வாசற்படியில் நிற்கும்போது குளிரெடுத்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறோம் என்று அர்த்தமாம். ஒட்டாவாவில் சனிக்கிழமை காலை ஓடக் கிளம்புகிறவர்கள் படியில் நின்று லேசாக நடுங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். நடுங்கினால் திருப்தி. நடுங்காவிட்டால் உள்ளே போய் ஒன்றைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். மார்கழிப் பனிக்கே குரங்குக் குல்லாவும் மப்ளருமாகப் பால் வாங்கப் போகும் எங்கள் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை எப்படி விளக்குவேன்? எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை. என் மனைவி விஜிக்கு விளங்கிவிட்டது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவள் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். உடம்போடு ஒட்டிய மெல்லிய சட்டை ஒன்று, அதன்மேல் பஞ்சு மாதிரி ஒன்று, அதற்கும்மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். காலில் இறுக்கமான டைட்ஸ், கம்பளி சாக்ஸ். காதை மூடும் சிவப்புத் தொப்பி, விரல்கள் எல்லாம் ஒன்றாக அடங்கும் கையுறை. அவ்வளவுதான். மொத்தத்தையும் சேர்த்து நிறுத்தால் என் ஒரு ஸ்வெட்டரின் எடை வராது. இதைப் போட்டுக்கொண்டு, பூஜ்யத்துக்குக் கீழே போன காலையில், ஏதோ பெருமாள் கோயிலுக்குப் புறப்படுகிறவள் போலச் சிரித்தபடி இறங்கிப் போகிறாள்.

ஊரில் ஓட்டக்காரன் நான்தான். ஏனாத்தூரில் கல்லூரி படித்த நாளிலிருந்து செவிலிமேட்டு வீட்டில் கிளம்பி, பாலாற்றுப் பாலத்தின் அக்கரை வரை ஓடிவிட்டு வருவேன். கையில்லாத பருத்திப் பனியன், அரைக்கால் சட்டை. அதற்குமேல் ஓட்டத்துக்கு உடுப்பு என்று ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது. திரும்பும்போது டீக்கடையில் நிற்பவர்கள், “இன்னாபா, இன்னிக்கு லேட்டு?” என்பார்கள். விஜி பக்கத்து நெசவு ஊர் ஐயம்பேட்டைக்காரி. அவள் ஓடி நான் பார்த்ததெல்லாம் ஷேர் ஆட்டோவைப் பிடிக்கத்தான், அதுவும் ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

கனடாவுக்கு வரும்போது எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. கொஞ்ச வருஷம் சம்பாதிப்பது, பிறகு செவிலிமேட்டில் வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்டிக்கொண்டு திரும்பிவிடுவது. முதல் குளிர்காலத்தில் விஜி ஜன்னலோரம் உட்கார்ந்து, “எப்பங்க ஊருக்குப் போவோம்?” என்று அழுவாள். நான் தேற்றுவேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பிப் போக ஆசைப்படுகிறவன் நான் ஒருவன் மட்டுமில்லை என்ற நிம்மதி.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் பக்கத்து வீட்டு ஹெலன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், தலை முழுக்க நரை, கால் மட்டும் கன்றுக்குட்டிக் கால். ஒருநாள் கதவைத் தட்டி, அழுதுகொண்டிருந்தவளை நடக்க அழைத்துப் போனாள். நடை ஓட்டமானது. அடுத்த குளிர்காலத்தில் விஜி அழவில்லை. ஊருக்கு எப்போது என்றும் கேட்கவில்லை.

எனக்கு யார்மேல் பொறாமை என்று யோசித்திருக்கிறேன். ஹெலன் மேலா, விஜியின் மூச்சு வாங்காத ஓட்டத்தின் மேலா? எல்லாவற்றையும்விட இந்தக் குளிரின் மேல்தான். நான் இத்தனை கும்பிட்டும் என்னைச் சேர்த்துக்கொள்ளாத குளிர், அவளை மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சுகிறது. பொறுக்கவில்லை.

பொறுக்காதவன் குறை கண்டுபிடிப்பான். என் அப்பா பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டியே காலம் தள்ளியவர். துணியை விரல் நுனியில் தேய்த்து ஜாதகம் சொல்லும் திமிர் எங்கள் வீட்டுச் சொத்து. ஒருநாள் விஜியின் ஓட்டச் சட்டையில் தொங்கிய நூலை அவள் கண்ணெதிரே பிய்த்து, அடுப்பில் காட்டினேன். ஊரில் பட்டா, கலப்பா என்று பார்க்க இப்படித்தான் செய்வோம். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் உதிரும். இது உருகி, கடுகு மாதிரி உருண்டு நின்றது.

“பாத்தியா? சுத்த பிளாஸ்டிக்கு! பட்டு ஊர்ல பொறந்துட்டு இதையா ஒடம்புல போட்டுக்கினு சுத்தற?”

“பட்டு ஊர்ல பொறந்தா வேர்வ வராதாங்க?” என்றாள். “இது வேர்வைய வெளிய தள்ளும். உங்க பனியன் குடிச்சிக்கினு உக்காந்துக்கும். வேணும்னா அதையே போட்டுக்கினு வந்து பாருங்க.”

அடுத்த சனிக்கிழமையே போனேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பருத்திப் பனியன்கள், அதன்மேல் சட்டை, ஸ்வெட்டர், ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லா. வாசலில் ஹெலன் என்னை மேலும் கீழும் பார்த்து, “உனக்குச் சூடாக இருக்கிறதா?” என்றாள். எவ்வளவு கரிசனம் என்று நினைத்து, “ஆமாம், ரொம்பச் சூடாக இருக்கிறது, நன்றி” என்றேன் பெருமையாக. அவள் முகத்தில் இரக்கம் படர்ந்தது. “அப்படியானால் இரண்டைக் கழற்றிவிட்டு வா” என்றாள். தெருவில் நிறுத்திவைத்து ஆம்பிளையைச் சட்டை கழற்றச் சொல்கிறாளே என்று முறுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினேன்.

உறைந்த கால்வாயோரம் கொஞ்ச தூரம் நான்தான் முன்னால். ஊர்க்கால் அல்லவா? பிறகு பனியன்கள் வேர்வையைக் குடிக்கத் தொடங்கின. மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்றேன். அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. நெஞ்சில் யாரோ ஈரக் கோணியைச் சுற்றியதுபோல் ஆகி, பல் தந்தியடித்தது. ஹெலன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் போட்டாள். விஜி வந்த வழியே ஓடிப்போய்க் காரை எடுத்துவந்தாள். வீட்டில் என் பனியனைப் பிழிந்துவிட்டு, “சொம்பு ரொம்புது பாருங்க” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வீராப்பு அதோடு போயிற்று. அவள் வாங்கித் தந்த பிளாஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு, படியில் நின்று முறைப்படி நடுங்கி, நானும் இறங்குகிறேன். போகும்போது எதிர்க்காற்றில் போக வேண்டும், திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும், அப்போதுதான் வேர்த்த உடம்பு விறைக்காது என்று அவள்தான் சொல்லித்தந்தாள்.

போன வாரம் தம்பி போன் செய்தான். “அண்ணா, மேஸ்திரி கேட்டுக்கினே இருக்காரு. மனையில கடகால் போட நாள் பாக்கட்டுமா? அண்ணிய ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு.”

நேற்று ஓடும்போது கேட்டேன். விஜி வேகத்தைக் குறைத்தாள். சிவப்புத் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“கட்டலாங்க. வேணான்னு சொல்லல,” என்றாள். “அங்க போனா நான் எங்கங்க ஓடறது?”

பாலாற்றுப் பாலம் இருக்கிறதே என்று வாயெடுத்தேன். எத்தனையோ வருஷம் அந்தப் பாலத்தில் ஓடியவன் நான். வழியில் ஒரு பெண் ஓடிப் பார்த்த ஞாபகம் வரவில்லை. அவளை நான் ஒருநாளும் கூப்பிட்டதும் இல்லை. அங்கே யாரும் தடுத்துவிட மாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஐயம்பேட்டைக்காரியின் காலைக் கட்டிப்போட அது போதாதா? என் கால்கள் தாமாக நின்றுவிட்டன.

“நிக்காதீங்க, வேர்வ ஆறுனா குளிரெடுக்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

இங்கே காலை என்றால் அங்கே சாயங்காலம். பாலத்தில் இந்நேரம் எவனோ ஒருத்தன் வெறும் பனியனோடு, எதைப் பற்றியும் யோசிக்காமல் ஓடிக்கொண்டிருப்பான். அவன்மேல் பொறாமையாக இருந்தது. எதிர்க்காற்றில் சிறுத்துக்கொண்டே போகும் சிவப்புத் தொப்பியின் மேலும் பொறாமையாக இருந்தது. யார் பின்னால் ஓடுவது என்று தெரியாமல் நின்ற அந்த இடத்தில், முதுகில் வேர்வை ஆறத் தொடங்கியது.