ஹெல்விக் பண்ணையின் மூத்த மகன்

புளோறன்ஸ் எந்தக் காகிதத்தையும் முதல் தடவையில் நம்புவதில்லை. ஒன்பது வயதில் மன்னார் பேசாலையிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தபோது, மகளின் பிறந்த திகதியைக் கேட்ட அதிகாரியிடம் அவளுடைய தகப்பன் எட்வேட், "மடுத் திருவிழாவுக்கு முதல் கிழமை" என்று மட்டும் சொன்னார். ஞானஸ்நானச் சான்றிதழ் வழியில் தொலைந்திருந்தது. அதிகாரி சனவரி முதலாம் திகதி என்று எழுதிவிட்டார். நாற்பத்தாறு வயதிலும் அவளுடைய அடையாள அட்டையில் அந்தத் திகதிதான்.

ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் குடியிருக்கிறாள். பகலில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை. முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்திய கையெழுத்துகளை வாசிக்க அங்கேதான் பழகினாள். ஓய்வு நேரத்தில், நோர்வேயில் தங்கள் வேரைத் தேடும் அமெரிக்கர்களுக்குப் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்வாள்.

2024 தையில் டக்ளஸ் ஹெல்விக் என்பவர் நியூயோர்க் மாநிலத்திலிருந்து எழுதினார். அவர்களுடைய முதல் மூதாதை யான் லௌரன்சன், அதாவது லௌரிட்ஸின் மகன் யான், 1658இல் அங்கே கப்பலால் இறங்கியவர். 1926இல் அச்சிட்ட குடும்ப நூலொன்று, அவர் நோர்வேயில் திராமன் நகருக்குப் பக்கத்தில் லியரில் இருக்கும் ஹெல்விக் பண்ணையின் மூத்த மகன் என்று சொல்லியது. ஆதாரம்: 1647ஆம் ஆண்டு வரிப் பதிவேடு, தாள் 31.

புளோறன்ஸ் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதினாள்: "நூலில் சொன்ன தாளைப் பார்த்தேன். ஹெல்விக் பண்ணையும் லௌரிட்ஸ் என்ற பெயரும் அங்கே இருக்கின்றன. மகன்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தொடர்ந்து தேடுகிறேன்."

ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது. மகன்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பண்ணை இப்போது யாருடையது, தொலைபேசி இலக்கம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டிருந்தார்.

அவளுடைய கணவன் மார்க்கஸ் சுரங்க ரயில் ஓட்டுநர். வேலை முடிந்து வந்தவனிடம் கடிதத்தைக் காட்டினாள்.

"காணிக்கு வாறானோ தெரியாது," என்றான்.

"முந்நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு ஆர் வந்து காணி கேக்கிறது?"

"எங்கடை ஆக்கள் கேக்க மாட்டினமே? நீர் நம்பரைக் குடுக்காதையும்."

அவள் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனதில் முள்ளாய்க் கிடந்தது.

அடுத்த கிழமை 1665இல் எடுத்த ஆண்கள் கணக்கெடுப்பைத் திறந்தாள். ஊர் ஊராக, பண்ணை பண்ணையாக, ஆண்களின் பெயரும் வயதும் இருந்தன. ஹெல்விக் பண்ணையில் லௌரிட்ஸ், வயது அறுபத்திரண்டு. அவருக்குக் கீழே மூத்த மகன் யென்ஸ், வயது முப்பத்தொன்று. யென்ஸ் என்றாலும் யான் என்றாலும் ஒரே பெயர்தான். ஏழு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் இறங்கியதாக நூல் சொன்னவன் லியரில், தகப்பன் வீட்டில் இருக்கிறான். 1672ஆம் ஆண்டு நீதிமன்றப் புத்தகத்திலும் அதே யென்ஸ் வேலித் தகராறில் நிற்கிறான். அவன் எங்கும் போகவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை ரயிலில் திராமன் போய், அங்கிருந்து பேருந்தில் பண்ணைக்குப் போனாள். பண்ணைக்காரி இங்கெபோர்க் எழுபதைத் தாண்டியவர். கதவைப் பாதிதான் திறந்தார்.

"அந்த அமெரிக்கர் அனுப்பியவரா நீங்கள்?"

புளோறன்சுக்கு அப்போதுதான் விளங்கியது. இலக்கத்தை டக்ளஸ் வேறு வழியில் எடுத்திருக்கிறார்.

"இல்லை. அவருக்குத் தெரியாமல்தான் வந்தேன்."

"அப்படியென்றால் இன்னும் மோசம்," என்றார் இங்கெபோர்க்.

ஆவணியில் அறுபது உறவினர் வரப்போவதாகவும், முற்றத்தில் நினைவுக்கல் நடப்போவதாகவும் டக்ளஸ் அவரிடம் சொல்லியிருந்தார். கல் நட்டால் அடுத்தது என்ன என்பதுதான் இங்கெபோர்க்கின் பயம். புளோறன்ஸ் 1665ஆம் ஆண்டுத் தாளின் பிரதியை வாசலில் வைத்தே நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதவு முழுதாகத் திறந்தது.

உள்ளே ஓர் அலுமாரியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, 1925இல் அந்த நூலாசிரியர் கேட்டது. மற்றது, இங்கெபோர்க்கின் பாட்டனார் அனுப்பிய பதிலின் நகல்: "எங்கள் யென்ஸ் எங்கும் போகவில்லை. இங்கேதான் செத்தார்." ஆக, பொய் என்று தெரிந்துதான் நூலை எழுதியிருக்கிறார்கள்.

உண்மையான யான், அன்று நியூயோர்க் பக்கம் கப்பல்கள் புறப்பட்ட அம்ஸ்ரர்டாமில் கிடைத்தான். தேவாலயத்தில் கலியாண அறிவிப்பான ஓலையை வாசிக்குமுன் மணமக்களின் விபரத்தை எழுதும் பதிவேடு, ஆண்டு 1657: யான் லௌரன்சன், திராமன், மாலுமி, வயது இருபத்துநான்கு, தாய் தகப்பன் இல்லை. மணமகள், குடும்ப நூலில் யானின் மனைவியாக இருந்த அதே கிரிட்யே பீட்டர்ஸ். லியரின் லௌரிட்ஸ் அதற்குப் பிறகும் எட்டு வருடம் உயிரோடிருந்தவர். யான் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு சிலுவைக் கீறல்தான்.

எல்லாவற்றையும் அறிக்கையாக அனுப்பினாள். டக்ளஸ் தொலைபேசி எடுத்தார்.

"அந்த 1665ஆம் ஆண்டுத் தாளை விட்டுவிடலாமா?"

"ஏன்?"

"என் அண்ணாவுக்கு எண்பத்தேழு வயது. தாங்கமாட்டார். கல்லும் வெட்டியாயிற்று."

"கல்லில் எழுதுவது உங்கள் விருப்பம். என் அறிக்கையில் அந்தத் தாள் இருக்கும்."

மூன்று கிழமைக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் இணையத்தளத்தைப் பார்த்தவள் மார்க்கசைக் கூப்பிட்டாள். "ஒஸ்லோ ஆய்வாளர் உறுதிப்படுத்துகிறார்" என்ற தலைப்பின் கீழே அவளுடைய முழுப் பெயர். அதன் கீழே: "நூலில் சொன்ன தாளைப் பார்த்தேன். ஹெல்விக் பண்ணையும் லௌரிட்ஸ் என்ற பெயரும் அங்கே இருக்கின்றன." அவ்வளவுதான்.

மார்க்கஸ் எட்டிப் பார்த்தான். "உம்மடை வசனந்தானே?"

"ஓம், என்ரை வசனந்தான். மிச்சத்தை வெட்டிப்போட்டான்."

நீக்கச் சொல்லி எழுதினாள். பதில் இல்லை. பக்கத்தின் கீழே மறுப்பு எழுதினாள். அன்றே மறைந்தது, இரண்டு தரம். கடைசியில் வம்சம் தேடுவோர் கூடும் பொதுத் தளமொன்றில் முழு அறிக்கையையும் தாள்களின் படங்களோடு தன் பெயரில் போட்டாள்.

இங்கெபோர்க் கல்லுக்கு மறுத்துவிட்டார். பார்க்க மட்டும் வரலாம் என்றார். ஆவணியில் உறவினரின் பேருந்து வந்த நாளில் புளோறன்சையும் கூப்பிட்டிருந்தார். டக்ளஸ் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊன்றுகோலோடு கடைசியாக இறங்கியவர் அண்ணா. பெயர் வால்ட்டர். புளோறன்ஸ் நேரே அவரிடம் போய் அம்ஸ்ரர்டாம் தாளைக் கொடுத்தாள்.

அவர் சிலுவைக் கீறலில் விரலை வைத்தார். "இது என்ன?"

"அதுதான் உங்கள் யானின் கையெழுத்து. அவருக்கு எழுதத் தெரியாது."

"இந்தப் பண்ணையில்லையா?"

"இல்லை. திராமன் துறைமுகப் பக்கம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை."

டக்ளஸ் கிட்ட வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வால்ட்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "உனக்கு இது முதலே தெரியுமா?" என்று தம்பியைக் கேட்டார். டக்ளஸ் பேருந்துப் பக்கம் திரும்பி நடந்தார். கிழவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தாங்கமாட்டார் என்று சொன்ன மனிதர், "திராமன் எவ்வளவு தூரம்?" என்று சாரதியிடம் கேட்டார்.

பேருந்து பண்ணையில் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. திராமன் ஆற்றங்கரைக்குப் போனது. புளோறன்சும் ஏறிப் போனாள். யான் எந்த வீட்டில் இருந்தான் என்று கேட்டவர்களிடம் தெரியாது என்றாள். ஊர்ப் பதிவேடுகளில் வீட்டுக்காரரின் பெயர்தான் உண்டு, அநாதைகளின் பெயர் இல்லை. வால்ட்டர் மேலும் தேடச் சொன்னார். இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.

ஐப்பசியில் இணையத்தளத்திலிருந்து அவளுடைய பெயர் காணாமல்போனது. எடுத்தது டக்ளசா, வால்ட்டரா என்று யாரும் சொல்லவில்லை. திரும்பவும் போட்டிருக்கிறார்களோ என்று திங்கட்கிழமைகளில் இப்போதும் பார்க்கிறாள்.