வீட்டிலக்கத்தால் கூப்பிடுபவர்

நோர்வேயில், ஸ்டோவ்னரில் எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அவருக்கு முந்நூற்றுநான்கு. அது என் வீட்டிலக்கம்.

வசந்தம் வந்ததும் குடியிருப்பாளர் எல்லோரும் கூடி முற்றத்தைத் துப்புரவாக்கும் டுக்னாட் நாளில், பழைய பட்டாளத் தொப்பியோடு முதல் ஆளாக நிற்பார். இலை வாரும் விறாண்டியைத் தொடமாட்டார். கோப்பிக் குவளையை நீட்டி நீட்டி ஆணையிடுவார்.

இந்த வருடம் வியட்நாம் கதையை எடுத்தார். "கம்யூனிசத்திட்டையிருந்து அந்தச் சனத்தைக் காப்பாத்தப் போனனாங்கள். ஒரு சண்டையிலும் தோக்கேல்லை," என்றார் நோர்வேஜிய மொழியில். வென்று வென்றே நாட்டைக் கைவிட்டு வந்தவர்கள் போலும்.

"எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"மலை நானூற்றுப் பன்னிரண்டு. பட்டாள வரைபடத்திலை மலையளுக்கு இலக்கம்தான்."

"மலையடியிலை இருந்த ஊருக்கு என்ன பேர்?"

ஒரு வாய் கோப்பி குடித்தார். "பேர் ஒருத்தரும் கேக்கேல்லை. எரிச்சுப்போட்டு அடுத்த மலைக்குப் போயிட்டம்."

நாங்கள் போருக்குத் தப்பி விட்டுவந்த எங்கள் ஊரில் குண்டு போட்ட விமானியிடமும் ஓர் இலக்கம்தான் இருந்திருக்கும்.

"முந்நூற்றுநான்கு, அந்த மூலையிலை இலை கிடக்குது."

விறாண்டியை அவர் காலடியில் போட்டேன். பெயர் சொல்லித் திட்ட வாயைத் திறந்தேன். பதினொரு வருடமாகப் பக்கத்து வீடு. அவருடைய அழைப்புமணிக்குக் கீழே பெயர் எழுதியிருக்கிறது. நான் ஒருநாளும் வாசித்ததில்லை.