வியர்க்கும் சுவர்

வெயில் அடித்தால் இந்த ஜெர்மன்காரர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இடைவேளை கிடைத்ததும் ஆய்வகத்துப் புல்வெளியில் சட்டையைக் கழற்றிப் போட்டு மல்லாந்துவிடுவார்கள். நிழல் பார்த்து நடக்கும் என்னிடம், "நீ வெயில் ஊர்க்காரன்தானே?" என்று கேட்டுச் சிரிப்பான் கூட வேலைபார்க்கும் தோமாஸ். வெயில் ஊர்க்காரன் வெயிலில் நிற்கமாட்டான் என்பதை இவனுக்கு எந்த மொழியில் சொல்வது?

என் பிழைப்பும் வெப்பத்தோடுதான். ஒலியைவிடப் பலமடங்கு வேகமாகப் பறக்கும் விமானத்தின் மூக்கு, எதிர்க்காற்றின் சூட்டிலேயே உருகிவிடும். அதற்காக எடை குறைந்த செராமிக் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விட்டு, உள்ளிருந்து தண்ணீரைக் கசியவிடுகிறோம். வியர்க்கிறவரை தகடு எரியாது. இதைச் சொன்னபோது அம்மா, "இதுக்கா அவ்ளோ தூரம் போன? நான் தெனம் சாக்க நனைச்சிக் கூர மேல போட்டுக்கினுதான கீறேன்" என்றாள். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. வாதத்தில் விழுந்த அப்பா அதன் கீழேதான் படுத்திருந்தார். ஏ.சி. மாட்டிக் கொடுத்தேன். குளிர் பட்டால் கை இழுக்கிறது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார் மனுஷன்.

அன்று சோதனைக்குப் போகுமுன் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே உச்சிவெயில் நேரம்.

"இன்னா பண்றாரும்மா அப்பா?"

"ரெண்டு நாளா தொப்பலா நனைஞ்சிக்கினு இருந்தாரு. இப்ப தேவலடா. ஒடம்பு காஞ்சிருக்கு, ஒரு சொட்டு வேர்வ இல்ல. அசந்து தூங்கறாரு."

"நல்லதும்மா, தூங்கட்டும்" என்றேன். நல்லதாம்! இவ்வளவு படித்த வாய் அப்படித்தான் சொன்னது.

கைப்பேசியை வாசல் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் சோதனைக்கூடத்துக்குள் போகவேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தகட்டின்மேல் சுடுகாற்று பீறிட்டது. சில நிமிடம் தகடு நன்றாகத் தாங்கியது. பிறகு ஒரு மூலையில் துளைகள் அடைத்துக்கொண்டன. அந்த இடம் ஈரம் வற்றி, வெளுத்து, சிவந்தது.

"காய்ந்துவிட்டது. இனி எரியும்" என்றான் தோமாஸ்.

ஐயோ, அம்மா சொன்னதும் இதைத்தானே!

"கதவைத் திற, நான் போகணும்" என்று கத்தினேன். தகடு போன வருத்தம் என்று நினைத்து அவன் என் தோளைத் தட்டினான். "இன்னொன்று செய்யலாம். காற்று அடங்கப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை கதவு திறக்காது, உனக்குத் தெரியுமே."

தெரியும். அந்தப் பத்து நிமிடமும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புல்வெளிக்கு ஓடிவந்து கூப்பிட்டதும் அம்மா எடுத்தாள். "எழுப்பினா கண்ணத் தொறக்க மாட்றாருடா. அனலா கொதிக்குது. ஆம்புலன்ஸு வந்துக்கினு இருக்குதாம்."

"கூரையில இருக்கற சாக்கெல்லாம் இழுத்து அப்பா மேல போடும்மா. தண்ணி ஊத்து. விசிறிக்கினே இரு."

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. என் காலடியில் யாரோ சுகமாகப் புரண்டு, முதுகை வெயிலுக்குக் காட்டிப் படுத்தார்கள்.

"வேர்க்குதாம்மா?"

"இல்லடா."

அங்கே வரவேண்டிய வேர்வை இங்கே என் முதுகில் வழிந்துகொண்டிருந்தது.